ஜெட்டா ரேஸா? எங்க டீம்ல நடந்த சண்டையும், நாங்க செஞ்ச தப்பும்



வழக்கமா நாங்க இங்க எழுதுறது யார் எந்த ஞாயித்துக்கிழமை வரணும், சமையலறைக்கு எத்தனை பேர் வேணும், இந்த மாதிரி விஷயம்தான். இன்னைக்கு விஷயமே வேற. கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தே தாரிக் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்து படிங்க.

நம்ம தொண்டூழியர் குழுவுல அஞ்சு பேர் சேர்ந்து வேலரண்ட் விளையாடுறோம்னு பல பேருக்குத் தெரியும். மூணு பேர் பசங்க, ரெண்டு பேர் முப்பதைத் தாண்டினவங்க. பிரீமியர்ல ஒரு டீமும் பதிஞ்சு வச்சிருக்கோம். போன மாசம் அந்த டீம் உடையிற நிலைமைக்கு வந்துச்சு. காரணம் ஒரே கேள்வி: ஜெட் பெருசா, ரேஸ் பெருசா?

விளையாட்டு தெரியாத அக்காமாருக்கும் பெரியவங்களுக்கும் ரெண்டு வரி. வேலரண்ட் 2020 ஜூன்ல ரயட் கேம்ஸ் வெளியிட்ட துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அஞ்சுக்கு அஞ்சு. ஒரு பக்கம் ஸ்பைக்னு ஒரு வெடிகுண்டை வைக்கணும், இன்னொரு பக்கம் அதைத் தடுக்கணும். முதல்ல 13 ரவுண்டு எடுக்கிற டீம் ஜெயிக்கும். ஒவ்வொருத்தரும் ஒரு ஏஜெண்டைத் தேர்ந்தெடுக்கணும். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனித்தனி சக்தி இருக்கு. முன்னாடி நின்னு உடைச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு டூயலிஸ்ட்னு பேர். கொரியாக்காரி ஜெட், பிரேசில்காரி ரேஸ், ரெண்டு பேருமே அந்த வகைதான்.

இப்போ நடந்தது.

எங்க டீம்ல பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஜெட் எடுப்பான். அவனைவிட ரெண்டு வயசு சின்னவன் ரேஸ் எடுப்பான். மூணு மேட்ச் தொடர்ந்து தோத்தோம். ஸ்கோர்போர்டைப் பார்த்தா ஜெட் மேல இருக்கு, ரேஸ் அடியில கிடக்கு. அதிகமா செத்ததும் ரேஸ்தான். பெரியவன் சொன்னான், "அண்ணே, கில் எடுக்காத டூயலிஸ்ட் எதுக்கு?" சின்னவனுக்குக் கோபம். சரி, ரெண்டு பேரும் தனியா மோதிப் பாருங்கன்னு கஸ்டம் கேம் போட்டோம். ஜெட் ஜெயிச்சுட்டா. நாங்களும் தலையை ஆட்டிட்டு, "தம்பி, கொஞ்ச நாள் நீ உக்காரு, வேற ஏஜெண்ட் பழகிட்டு வா"ன்னு சின்னவன்கிட்ட சொல்லிட்டோம்.

அவன் ஒண்ணும் பேசல. அடுத்த வாரம் விளையாட வரல. அதோட நிக்காம ஞாயித்துக்கிழமை வேலைக்கும் வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல.

அப்பதான் உறைச்சுச்சு. எங்கள்ல ஒருத்தர் அந்த மூணு மேட்சையும் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தார். ரெண்டு ராத்திரி உக்காந்து பார்த்தோம். நாங்க எடுத்த முடிவு தப்புன்னு புரிஞ்சுச்சு. அதைத்தான் இங்க எழுதுறோம்.

முதல்ல நேருக்கு நேர் கணக்கைப் பார்ப்போம். ஒண்ணுக்கு ஒண்ணு வச்சா ஜெட் ஏன் ஜெயிக்கிறா?

ஜெட்டோட பெரிய ஆயுதம் அவ டேஷ். எட்டிப் பார்க்கலாம், ஒரு குண்டு சுடலாம், எதிராளி திருப்பிச் சுடறதுக்குள்ள காணாமப் போயிடலாம். கையில ஆப்பரேட்டர் இருந்தா கேக்கவே வேணாம். உடம்புல ஒரு குண்டு பட்டாலே ஆள் காலி. மேல பறக்கலாம், புகையைப் போட்டு மறையலாம். அல்டிமேட்ல வர்ற கத்தி ஓடிக்கிட்டே வீசினாலும், பறந்துக்கிட்டே வீசினாலும் நேராப் போகும். மத்த துப்பாக்கி எதுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

ரேஸ் கதை வேற. அவ பிளாஸ்ட் பேக்கை எறிஞ்சு, வெடிக்க வச்சு, அந்த வேகத்துல பறக்கணும். பறக்கும்போது துப்பாக்கி நேரா சுடாது. இறங்கி நின்னாதான் குறி சரியா வரும். அந்த நொடியில எதிராளி தயாரா இருந்தா அவ்வளவுதான். தப்பிச்சுப் போறதுக்கும் டேஷ் மாதிரி சுலபம் இல்ல.

தூரத்துச் சண்டையில ஜெட்தான். இதுல வாதமே இல்ல. ஆனா பக்கத்துச் சண்டையில, மூலை முடுக்குல, கதை திரும்பிடும். ஜெட் ஒரு மூலையில உக்காந்திருந்தா, ரேஸ் ஒரு கிரனேடு போட்டா போதும். அது வெடிச்சு, சிதறி, திரும்பவும் வெடிக்கும். ஜெட் அங்கேயே இருந்தா சாவு, வெளிய வந்தா துப்பாக்கி முன்னாடி. பூம் பாட்டை உருட்டி விட்டா அது தானாவே ஆளைத் தேடிக்கிட்டுப் போகும். அதைச் சுட்டா நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும், சுடலைன்னா உங்க மேலயே வெடிக்கும்.

எங்க பசங்க மோதினது எங்க தெரியுமா? அசெண்ட் மேப்ல, நடு வெளியில. பெரியவன் தேர்ந்தெடுத்த இடம். மீனைக் கரையில போட்டு ஓட்டப்பந்தயம் வச்ச கதைதான். இதே மோதலை ஸ்பிளிட்லயோ பைண்ட்லயோ அந்தக் குறுகின சந்துல வச்சிருந்தா முடிவு வேற மாதிரி வந்திருக்கலாம். அதை யோசிக்காம தீர்ப்பு சொன்னது நாங்க.

இன்னொண்ணு. ஜெட்டோட பழைய பேரை வச்சே பல பேர் இன்னும் பேசுறாங்க. ஆரம்பத்துல டேஷ் பட்டனை அழுத்தின உடனே பறந்துடலாம். 2022 ஏப்ரல்ல 4.08 வந்துச்சு. அதுக்கப்புறம் முன்கூட்டியே அதைத் தயார் பண்ணணும், அப்புறம் 12 வினாடிக்குள்ள பயன்படுத்தணும்னு ஆச்சு. 2023 ஆகஸ்ட் கடைசியில 7.04 வந்து அந்த 12 வினாடியை 7.5 ஆக்கிடுச்சு. மேல பறக்கிறது ரெண்டு தடவையிலிருந்து ஒண்ணாச்சு. புகை நிக்கிற நேரம் 4.5 வினாடியிலிருந்து 2.5 ஆச்சு. அல்டிமேட்டுக்கு 7 புள்ளி போதும்னு இருந்தது 8 ஆச்சு. அதாவது, பயந்து ஓடுறதுக்காக இருந்த டேஷ், முன்னாடியே திட்டம் போட்டு உள்ள போறதுக்கான டேஷா மாறிடுச்சு. ஜெட்டும் இப்போ உள்ள போகத்தான் வேணும். பின்னாடி நின்னு ஆப்பரேட்டரால கில் சேர்க்கிறது மட்டும் ஜெட் இல்ல.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஒண்ணுக்கு ஒண்ணுல உசிரோட இருக்கிறவன் ஜெயிச்சான். அஞ்சுக்கு அஞ்சுல அப்படி இல்ல. அங்க ஸ்பைக் இருக்கு, நேரம் ஓடுது, பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. டூயலிஸ்டோட முதல் வேலை கில் எடுக்கிறது இல்ல, இடம் பிடிச்சுக் கொடுக்கிறது. ரெக்கார்டிங்ல நாங்க பார்த்தது இதுதான்: ரேஸ் ரெண்டு பிளாஸ்ட் பேக்கையும் போட்டு சைட்டுக்குள்ள பறக்கிறா. உள்ள இருக்கிற மூணு பேரும் மேல பார்த்துச் சுடுறாங்க. அந்த ரெண்டு வினாடி யாரும் வாசலைப் பார்க்கல. பின்னாடி வந்தவன் ஈஸியா ரெண்டு கில் எடுக்கிறான். ஸ்கோர்போர்டுல ரேஸுக்கு ஒரு சாவு, பின்னாடி வந்தவனுக்கு ரெண்டு கில். அந்தப் பின்னாடி வந்தவன் பல ரவுண்டுல யாரு? நம்ம ஜெட் தம்பி!

அப்போ ஏன் தோத்தோம்? அதையும் பார்த்தோம். ரேஸ் உள்ள பறந்தப்போ பாதி ரவுண்டுல பின்னாடி யாருமே போகல. பெரியவங்க நாங்க ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுக்கிட்டு, "உள்ள எத்தனை பேர்?"னு கேட்டுக்கிட்டு இருக்கோம். அவன் மைக்ல "வாங்க வாங்க"ன்னு கத்துறான். நாங்க போறப்போ அவன் செத்து மூணு வினாடி ஆச்சு. எதிராளி திரும்பவும் வாசலைப் பார்த்து நிக்கிறான். அப்புறம் ஒவ்வொருத்தரா போய் ஒவ்வொருத்தரா சாகிறோம்.

எங்க கருத்து இதுதான் மக்களே. ஜெட் நல்லா ஆடினா அது ஜெட் கையில இருக்கு. உள்ள போயிட்டு யாரும் வரலைன்னா திரும்பி வர்றதுக்கு வழி இருக்கு. ரேஸ் உள்ள போயிட்டா திரும்பி வர்றது கஷ்டம். ரேஸ் செத்தது வீணா, பிரயோஜனமான்னு முடிவு பண்றது பின்னாடி வர்ற நாலு பேர். அதனாலதான் சேர்ந்து ஆடத் தெரியாத டீம்ல ஜெட் எப்பவும் மேல தெரிவா, ரேஸ் எப்பவும் கீழ தெரிவா. அந்த ஸ்கோர்போர்டு ரேஸைப் பத்தி சொல்லல. எங்களைப் பத்தி சொல்லிச்சு.

காசுக் கணக்கையும் பார்த்தோம். அது இன்னும் வெக்கமா இருந்துச்சு. ஆப்பரேட்டர் 4,700. பெரிய கவசம் 1,000. மொத்தம் 5,700. ஒரு ரவுண்டு ஜெயிச்சா கிடைக்கிறதே 3,000. ஜெட் தம்பிக்கு ஆப்பரேட்டர் வேணும்னு நாங்க மாத்தி மாத்தி வாங்கிக் கொடுத்தோம். அவன் விழுந்தா அந்தத் துப்பாக்கி எதிராளி கையில. ரேஸ் தம்பியோ பிளாஸ்ட் பேக் ரெண்டுக்கு 400, பூம் பாட்டுக்கு 300னு தன் காசைப் போட்டுட்டு, மிச்சத்துல 1,600க்கு ஒரு ஸ்பெக்டரைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா உள்ள போயிருக்கான். ஒருத்தனுக்கு டீமே செலவு பண்ணிச்சு. இன்னொருத்தன் டீமுக்காகச் செலவு பண்ணினான். அப்புறம் ரெண்டு பேரோட கில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டோம். இது என்ன நியாயம்?

ஜெட் தம்பி இதைப் படிச்சா வருத்தப்படுவான். அவனுக்காகவும் சொல்லணும். அவன் குறி நல்ல குறி. பிரீஸ் மாதிரி பரந்த மேப்ல தூரத்தை அடைச்சு வைக்க ரேஸால முடியாது. அங்க ஜெட் இல்லாம நாங்க நடந்து போறதே கஷ்டம். தற்காப்புல ஆரம்பத்திலேயே ஒரு ஆளைத் தூக்கிட்டு டேஷ்ல வெளிய வர்றது பெரிய உதவி. அவன் தப்பு ஆட்டத்துல இல்ல. தம்பியைப் பத்திச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில இருக்கு. அதைத் தட்டிக் கேக்காத பெரியவங்க நாங்கதான் முதல் குத்தவாளி.

நம்ம ஊர் உதாரணமே இருக்கே. பேப்பர் ரெக்ஸ், சிங்கப்பூரை மையமா வச்ச டீம். ரேஸுன்னா நம்ம சிங்கப்பூர்ப் பையன் ஜிங் ஞாபகம் வராத ரசிகர் இருக்க முடியாது. ஜெட்டுன்னா அதே டீம்ல ரஷ்யாவுல இருந்து வந்த சம்திங். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலிருந்து டவாய். டூயலிஸ்ட் ரெண்டு பேரைச் சேர்த்து இறக்கி, எதிராளி மூச்சு விடறதுக்குள்ள உள்ள பாயிறதுதான் அவங்க பாணி. 2022ல கோப்பன்ஹேகன் இறுதியாட்டத்துல தோத்தாங்க. 2023ல லாஸ் ஏஞ்சலஸ்ல உலகக் கிண்ண இறுதியாட்டத்துலயும் தோத்தாங்க. விடல. 2025 ஜூன்ல டொரொண்டோ மாஸ்டர்ஸ்ல ஃபினாட்டிக்கை 3-1னு ஜெயிச்சுக் கிண்ணத்தைத் தூக்கினாங்க. அங்க யாரும் ஜெட்டா ரேஸான்னு கேட்டு ஒருத்தரை வெளிய உக்கார வைக்கல. ஒருத்தர் பாய்ஞ்சா மத்த நாலு பேரும் கூடவே பாயிறாங்க. கத்துக்க வேண்டியது அது.

அப்போ எங்க தீர்ப்பு என்ன? மழுப்பாம சொல்றோம். தனி மோதலுக்கு ஜெட். ரேங்க்ல தெரியாத ஆளுங்களோட ஆடினாலும் ஜெட். குறுகின மேப்ல, ஒருத்தரை ஒருத்தர் நம்புற அஞ்சு பேர் டீமுக்கு ரேஸ். எங்க டீமுக்கு ரெண்டு பேரும் வேணும். பைண்ட், ஸ்பிளிட் வந்தா ரேஸ் முன்னாடி போவா. அசெண்ட், பிரீஸ் வந்தா ஜெட். இனிமே மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர்போர்டைப் பார்த்துப் பேசக் கூடாது, ரெண்டு ரவுண்டாவது ரெக்கார்டிங் போட்டுப் பார்த்துட்டுத்தான் பேசணும்னு முடிவு பண்ணியிருக்கோம். எண்கள் பேட்சுக்குப் பேட்ச் மாறும். இது மாறாது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்க ரெண்டு பேரும் ஜெட் தம்பியும் சின்னவன் புளோக்குக்குப் போனோம். கீழ காப்பிக்கடையில உக்காந்து ரெக்கார்டிங்கை போன்ல போட்டுக் காட்டினோம். "நீ செத்த ரவுண்டுல நாங்க எங்க நின்னோம்னு பாரு"ன்னு சொன்னோம். ஜெட் தம்பி, "சாரிடா, உன்னாலதான் எனக்குப் பாதி கில்"னான். சின்னவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சொன்னான், "பரவால்ல அண்ணே. ஆனா நான் அன்னைக்கே வாங்க வாங்கன்னுதானே கத்துனேன்."

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல.

இந்த ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்தான். விளையாட இன்னும் வரல. நாங்க வற்புறுத்தல. அவன் இடம் டீம்ல காலியாத்தான் இருக்கு, வேற யாரையும் போடல.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை திரையைப் பார்த்துக் கத்தினா "எப்பப் பாரு கேம்"னு திட்டறதுக்கு முன்னாடி, என்னன்னு கத்துறான்னு ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்க. சில நேரம் அவன் கூப்பிடுறான், யாரும் வரல, அவ்வளவுதான்.

டீம் வச்சு ஆடுற தம்பி தங்கச்சிங்க, உங்க டீம்ல முதல்ல உள்ள போறது யாரு, அவங்க பின்னாடி யாரு போறீங்கன்னு கீழ எழுதுங்க. ஜெட் ரசிகர்கள் சண்டைக்கும் வரலாம், பதில் சொல்ல நாங்க ரெடி 😄