உப்பளமும் விசுவாசமும்

எல்லாம் அறிந்த இறைவன் நம் விசுவாசத்தை ஏன் சோதிக்க வேண்டும் என்று பலர் கேட்கின்றனர். ஆபிரகாமிடம் மகன் ஈசாக்கைப் பலியாகக் கேட்டவர் இறைவனே; ஓங்கிய கையைத் தடுத்தவரும் அவரே. ஆகவே அவர் விரும்பியது பிள்ளையின் உயிரை அன்று, தந்தையின் நம்பிக்கையையே.

நம் ஆறுமுகநேரி உப்பளங்களைப் பாருங்கள். பாத்தியில் பாய்ச்சும் நீரில் உப்பு முன்பே இருக்கிறது. வெயில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. நீரை வற்றச் செய்து, உள்ளே இருந்ததை வெளியே காட்டுகிறது. சோதனையும் அத்தகையதே. இறைவன் நம்மை அறிவதற்காக அல்ல, நம்மை நாமே அறிவதற்காகவே அது வருகிறது.

இதற்குச் சான்று புனித தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய அவர், தாம் துயருற்றிருந்த காலத்தில் படைத்தளபதி டிலனாயிடம் யோபுவின் வரலாற்றைக் கேட்டார். 1745-இல் நம் மறைமாவட்டத்து வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ப் பதவி போயிற்று. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று வதைத்தனர். ஆயினும் அவர் விசுவாசத்தை விடவில்லை. 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவரை வதைத்தது மனிதரின் கொடுமை. இறைவன் அளித்தது தாங்கும் வலிமை. ஆகவே, துன்புறுவோரிடம் "கடவுள் உன்னைச் சோதிக்கிறார்" என்று சொல்லிவிட்டு நாம் விலகிச் செல்லலாகாது. மகளின் படிப்புக்காக உப்பளத்து வெயிலில் நிற்கும் தாய்க்கு உபதேசத்தைவிட உதவியே தேவை. அவர் பாரத்தைச் சுமக்க நமக்கு மனம் இருக்கிறதா? தோழியரே, அதுவே நமக்கு வைக்கப்படும் சோதனை!

— பத்தாம் வகுப்பு மாணவி