கம்ப்யூட்டர் படிப்பும் கடை முதலும்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் வணிகர் வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். நல்லதுதான். படித்த பிள்ளையைக் கல்லாவில் கட்டிப்போடும் காலம் மலையேறிவிட்டது. ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நமது வியாபார சாமர்த்தியம் எங்கே போய்விடுகிறது என்பதே என் கேள்வி.

ஒரு லோடு துவரம் பருப்பு வாங்குமுன் மூட்டையில் குத்தூசி விட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். நான்கு வருடப் படிப்புக்கோ விளம்பரப் பலகையையும் புரோக்கர் பேச்சையும் நம்பி லட்சங்களை எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடை முதலிலிருந்து. ஜூன், ஜூலை வந்தால் யார் பாக்கி தள்ளிப்போகிறது என்பது மொத்த வியாபாரியான எனக்குத் தெரியும். முதல் குறைந்தால் சரக்கு குறையும். சரக்கு குறைந்தால் வாடிக்கை போகும். கடைசியில் நாணயமும் போகும்.

எனவே முதலில் அரசுக் கலந்தாய்வைப் பார்க்க வேண்டும். 1997 முதல் பொறியியல் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில் நடக்கிறது. இப்போது நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்ஆஃப். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்ற விவரம் வெளியாகிறது. இதுதான் மார்க்கெட் நிலவரம். இதைப் பாராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பேரம் பேசுவது விலை தெரியாமல் கொள்முதல் செய்வதாகும்.

நம்மில் பலர் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் பெற்று, 2010 முதல் உள்ள கல்விக் கட்டணச் சலுகையைக் கேட்கலாம். ஆனால் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. நன்கொடை வசூலை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ரசீது தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, சரக்கின் வகை தெரிய வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் தயாரிக்கும். ஆனால் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே பட்டம் தரும். அது இந்தக் கலந்தாய்வில் வராது. நிகர்நிலை என்றாலே தனியார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலுள்ள காந்திகிராமம் 1976 முதல் நிகர்நிலைதான். நடத்துவது ஒன்றிய அரசு நிதியில். பொறியியல் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. படித்து, இரண்டு வருடம் எம்.சி.ஏ. படிக்கலாம். அதுவும் கம்ப்யூட்டர் படிப்புதான்.

கோடைரோட்டிலிருந்து ரயிலேறினால் ஒரு பக்கம் திண்டுக்கல், மறு பக்கம் மதுரை. திண்டுக்கல்லில் 1984இல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ. இருக்கிறது. மதுரையில் 1957இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கட்ஆஃப் இடம் கொடுத்தால், பக்கத்தில் இருப்பதை விட்டுச் சென்னைக்கு ஓடுவானேன்?

பெரிய பெயருள்ள கல்லூரிக்குத்தான் கம்பெனிகள் வரும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் 2001இலும் 2008இலும் அமெரிக்காவில் தொழில் மந்தமானபோது, இங்கே படித்து முடித்தவர்களும் வேலைக்குக் காத்திருந்தார்கள். 2024க்குப் பிறகு ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற வரம்பும் தளர்ந்து, பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இடங்கள் பெருகியிருக்கின்றன. அதற்கேற்ப ஆசிரியர்கள் இருக்கிறார்களா? அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது? நேரில் போய், வராந்தாவில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே மாதம் ஒரு மாலை, சங்கக் கட்டடத்தில் ஒரு பேராசிரியரையும், படித்து முடித்த நம் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் முறையைச் சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு மாலை கடையை முன்னதாக அடைப்பதால் நமக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.