காளை இல்லாத ரிஷபவாகனர்

திண்டுக்கல்லில் கோட்டை உண்டு, அரண்மனை இல்லை. மதுரை நாயக்கர் காலத்து மலைக்கோட்டையில் இன்று காண்பவற்றுள் முக்கியமானவை மதில்களும், உச்சியில் மூலவர் இல்லாத கோயிலும். அரண்மனைக்குள் பழங்கலைத் தொகுப்பைக் காண விரும்பும் திண்டுக்கல்காரர்கள் திருச்சி வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. பயணம் செய்து தஞ்சாவூருக்குப் போகலாம்.

தஞ்சை அரண்மனையை 16ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர்கள் கட்டத் தொடங்கினர். பின்வந்த மராத்தியர்கள் விரிவாக்கினர். அதில் கலைக்கூடம் அமைந்தது 1951இல். அரண்மனையில் இருப்பதால் எல்லாம் அரசர்கள் சேர்த்தவை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். இங்குள்ள புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளின் கதை வேறு. அவை ஊர்க்கோயில்களுக்குச் சொந்தமாக இருந்தவை. பல, மண்ணுக்கடியில் கிடந்து மீண்டவை.

திருவெண்காட்டுக் கோயிலுக்குரிய ரிஷபவாகனரே, அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனே, இதற்குச் சான்று. கல்வெட்டுப்படி இவர் 1011ஆம் ஆண்டினர். முதலாம் ராஜராஜன் காலம். பக்கத்திலுள்ள தேவி அடுத்த ஆண்டினள். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளுக்கு அஞ்சிப் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் இத்திருமேனிகள் 1950களின் தொடக்கத்தில் வெளிப்பட்டன. பாம்பு பின்னிய சடை தலைப்பாகையாகச் சுற்றியிருக்க, ஒரு காலை மாற்றி ஊன்றி, வலக்கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார் சிவன். காளைதான் இல்லை. ஆனாலும் அந்தக் கையின் தளர்ச்சியிலேயே அதன் உயரமும் முதுகும் தெரிந்துவிடுகின்றன. கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருந்தால் இந்த வார்ப்பு நுட்பம் கண்ணில் படுமா என்பது சந்தேகமே.

உண்மையில் அரண்மனைக்கே உரிய சிலை, இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) கைகூப்பி நிற்கும் பளிங்குச் சிலை. செதுக்கியவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன்.

திருவெண்காட்டுத் திருமேனிகளைப் போல நிலத்தில் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கடைக்கால் தோண்டும்போது சிலை தட்டுப்பட்டால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக அது அருங்காட்சியகம் சேரும். சிலைக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஊரோடு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. காலமும் உலோகமும் மட்டும் சொல்லும் பெயர்ப்பலகை அந்த இழப்பை ஈடுசெய்யாது. எந்த ஊர், எந்தக் கோயில், எப்படி மண்ணுக்குள் போனது, யார் கண்டெடுத்தது என்பவற்றையும் ஒவ்வொரு சிலையின் அருகிலும் தமிழில் எழுதிவைக்க வேண்டியது தொல்லியல், அருங்காட்சியகத் துறைகளின் கடமை.