ஆடுவோன் நாவும் பாத்திரத்தின் திறமும்

விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்கே என எண்ணுவார் பலர். ஆயினும் ஒருவன் தன்னை மறந்து பிறனொருவனாய் நின்று சிந்திக்கவும் பேசவும் பழகும் விளையாட்டு கல்விக்கு அயலானதன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அத்தகைய விளையாட்டுக்களுள் முன்னோடியாகும். சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்தமர்வர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்பர். வலிமை, விரைவு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகள் பாத்திரந்தோறும் எண்ணால் குறிக்கப்பெறும். முடிவு ஐயமாய் நிற்குமிடத்துப் பகடை உருட்டித் தீர்ப்பர். நம் விடுதி அறைகளிலும் இவ்விளையாட்டுப் புகுந்திருத்தலின், அதுபற்றிய வழக்கொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வழக்கு யாதெனில்: பாத்திரமோ நாவன்மை மிக்க தூதன், அதனை ஏற்ற மாணாக்கனோ நால்வர் முன் வாய் திறக்க நாணுபவன். தூதன் அரசனை இணங்குவித்தானா என்பதை எதனைக்கொண்டு துணிவது? மாணாக்கன் பேசிய பேச்சைக் கொண்டா? பாத்திரத்துக்கு வரைந்த எண்ணைக் கொண்டா? 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, இணங்குவித்தல், ஏய்த்து நம்பச் செய்தல், அச்சுறுத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் திறன்களை வகுத்தது. அதன் பின்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

பேச்சே அளவுகோலாதல் வேண்டும் என்பார் கூறுவது இது: பகடையே யாவும் முடிக்குமாயின் விளையாட்டு வெறுங்கணக்காய் வறண்டுபோம், நாணமுடையானும் பேசப் பழகான். இக்கூற்றில் உண்மையில்லாமலில்லை. எனினும், பீமனை ஒத்த வீரனை ஏற்றவனை நோக்கி, ‘இம்மேசையைத் தூக்கிக் காட்டுக’ என எவரும் கேட்பதில்லை. பூட்டுத் திறக்கும் கள்வனை ஏற்றவனிடம் விடுதிப் பூட்டை நீட்டுவாருமில்லர். தூதனை ஏற்றவனை மட்டும் அவன் சொந்த நாவால் அளத்தல் எங்ஙனம் நீதியாகும்? திக்குவாயும் மந்த நாவும் உடையேன் என்று தயங்கிய மோசேக்கு ஆரோன் வாயாக அமைந்த வரலாற்றை நாம் அறிவோம். நா எழாமை பற்றி மோசேயின் பணி பிறனுக்குக் கைமாறவில்லை.

மறுபுறத்தையும் நோக்குவோம். சொல்வன்மையுள்ள ஒருவன் தன் பாத்திரத்துக்கு வசீகரத்தைக் குறைத்து எழுதி, அம்மிச்சத்தை வலிமையில் ஏற்றிக்கொள்கிறான். பின்னர் அவைக்களம் புகுந்ததும் தன் நாவையே கடனாகக் கொடுத்து அம்முரடனை வெல்விக்கிறான். துரியோதனன் பந்தயம் வைக்கச் சகுனி காய் உருட்டியபோது, ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுதல் முறையன்றெனத் தருமன் மறுத்துரைத்ததைச் சபாபருவம் கூறும். மாமல்லபுரத்தில், அருச்சுனன் தபசு எனவும் கங்கை இறங்கிய காட்சி எனவும் அறிஞர் இருவேறாகக் கூறும் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைமேல் தூக்கி நிற்கும் பூனையொன்று உண்டு. தவக்கோலம் உண்டு; தவம் இல்லை. எண்ணில் இல்லாத திறத்தை நாவால் காட்டும் பாத்திரமும் அத்தகையதே.

நிற்க. இவ்வழக்குக்கு நம் நாட்டிலேயே நல்லதொரு விடை உண்டென்பது எமது கருத்து. செங்கற்பட்டு, காஞ்சிபுரப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடக்குங்கால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு முழுதும் தெருக்கூத்தும் நிகழும். கட்டைக்கூத்து எனவும் அதற்குப் பெயர். கட்டையாலான கிரீடமும் தோளணியும் பூண்ட வேடதாரி திரைக்குப் பின் நின்று பாடுவான். திரை விலகியதும் கட்டியக்காரன் எதிர்வந்து, நீர் யார், எந்நாட்டினர், வந்த காரியம் யாது என வினவுவான். அவ்வினாக்களுக்கு விடை கூறும் வாயிலாகவே வேடம் தன்னை அவைக்கு அறிவிக்கும். வேடதாரி பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அவன் மூச்சு வாங்கும் இடைவெளியை முகவீணையும் ஆர்மோனியமும் நிரப்பும். பாட்டோ வாத்தியார் வாய்வழி வந்தது. கூத்துக்குக் குரல் வேண்டும், பயிற்சி வேண்டும்; ஐயமில்லை. ஆயினும் அங்கே எவனும் தன் நாவொன்றையே நம்பித் தனித்து நிற்பதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடைபெற்ற கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுவரும் சிறுமியரும் பள்ளிக் கல்வியோடு இக்கலையையும் பயின்று மன்னர் வேடம் தாங்கினர். வேடத்தைத் தாங்குவது ஒருவன். அவ்வொருவனைத் தாங்குவது குழு.

ஆகவே மேசை விளையாட்டிலும் பின்வரும் முறை தக்கதென்போம். தூதன் யாது வேண்டுகிறான், எக்காரணம் காட்டுகிறான், எதனைக் கைம்மாறாகத் தருகிறான் என்பவற்றை ஆடுவோனே சொல்லவேண்டும்; அவற்றைப் பகடை சொல்லாது. தூதனாகவே நின்று பேசினும், ‘என் தூதன் இன்னது கூறுகிறான்’ என்று வாளா உரைப்பினும் இரண்டும் ஒக்கும். காரணம் வலிதாயின் பகடையின் இலக்கு எளிதாகுக, மெலிதாயின் அரிதாகுக. சொல்லழகை மட்டும் பாத்திரத்தின் எண்ணுக்கே விட்டுவிடுக. கதையை நடத்துவோர் நீதிபதியாய் வீற்றிராது கட்டியக்காரனாய் இறங்கி வினவுக. வினா பிறந்தால் விடை பிறக்கும். நாணமுடையான் பேசப் பழகுவதும் அவ்வழியேயாம்.

இச்சிறு பொருளை இத்துணை வற்புறுத்துவானேன் எனின், கூறுவோம். இவ்விளையாட்டின் நூல் ஆங்கிலம். மேசைப் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலம். அம்மொழியில் விரைந்து பேசுவோரே அரசரும் தூதரும் ஆகின்றனர். செய்யூரிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் வந்து, தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த மாணாக்கர் சிறிது நேரம் வாய்மூடி இருந்து எழுந்து போகின்றனர். வகுப்பறையில் நேர்வதே விளையாட்டிலும் நேருமாயின், அவர்க்குப் புகலிடம் யாது? இரவெல்லாம் கண்விழித்துக் கண்ணன் தூது கண்டவன் அவர்களுள் ஒருவனாயிருத்தல் கூடும். தூதின் நுட்பம் அவனறிந்த அளவு மேசையிலுள்ள ஏனையோர் அறியார். அவன் தமிழிற் பேசட்டும். தயங்கித் தயங்கிப் பேசட்டும். ஏனையோர் பின்பாட்டுக்காரராய் அவன் அடியை வாங்கிக்கொள்ளட்டும். அவனுக்கு இடம் விடாத மேசையில் அரசவை எத்துணைச் சிறப்பாக நடப்பினும், பேசியவர் முன்னரே பேசத் தெரிந்தவரேயன்றோ?