எந்த வேளையில் படித்தீர்கள்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் வெறுமனே கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். கூடவே ஒரு தீர்ப்பையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். "சரியான அறுவை மேடம்." "பரவாயில்ல, ஒரு தடவை படிக்கலாம்." "இவர் வேற என்ன எழுதியிருக்கார்?" தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பணி ஓய்வு பெறும்வரை இந்தத் தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டே தேதி முத்திரை குத்தியவள் நான். அவற்றில் பாதிக்குமேல் புத்தகத்தைப் பற்றியவையே அல்ல. வாங்கிப்போன நாளுக்கும் திருப்பிக் கொடுத்த நாளுக்கும் நடுவில் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதைத்தான் அவை சொல்லின.

எங்கள் நூலகத்துக்கு எதிர்ச்சாரியில் அரசு மருத்துவமனை. உள்நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள், வார்டில் இருக்க விடாத நேரங்களில் எங்களிடம் வந்து உட்காருவார்கள். உறுப்பினர் அட்டை கிடையாது என்பதால் அங்கேயே படித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படி வந்த ஒருவர் ராஜேஷ்குமார் நாவல்களை மட்டுமே கேட்பார். உட்கார்ந்த இடத்தில் ஒன்றை முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவிக்கு ஏதேதோ பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. என்ன நோய் என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. தரமானது என்று நான் நினைத்த நாவல் ஒன்றை ஒருநாள் எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார், எழுந்து வந்தார். "இதுல யாருக்கு என்ன ஆச்சுன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க மேடம். அதுலன்னா கடைசிப் பக்கத்துல தெரிஞ்சுடும்."

துப்பறியும் கதை படிக்கிறவர்களை இரண்டாந்தர வாசகர் என்று ஒதுக்கும் இலக்கிய அன்பர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களை ஒரு வாரம் அந்த வார்டு வராந்தாவில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். முடிவு தெரியாமல் தவிக்கிறவருக்கு, முடிவு தெரிந்துவிடும் என்ற உத்தரவாதமே பெரிய ஆறுதல். நான் கொடுத்த நாவலில் குறை ஒன்றும் இல்லை. அவரிடமும் இல்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களைத் தரம் பிரிப்பார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் அசைபோடும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக்குடம், அங்கங்கே நுனிப்புல் கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி ஆகிய நான்கும் கடைசித் தரம். பள்ளியில் இதைப் படித்தபோது வகுப்பில் யார் எருமை, யார் ஆடு என்று நாங்கள் பட்டம் சூட்டிக்கொண்டோம். நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு எனக்குப் பட்டது வேறு. இவர்கள் எட்டு வகை ஆட்கள் அல்லர். ஒரே ஆள்தான் சம்பளம் வந்த வாரத்தில் பசுவாகவும், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த வாரத்தில் ஆடாகவும் இருப்பார். கடனுக்கு வட்டி கட்டும் தேதி நெருங்கினால் யாரும் ஓட்டைக்குடம்தான்.

இதற்கு ஜெயகாந்தன் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், வீடு திரும்பி நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அந்த முடிவு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பிற்பாடு ஜெயகாந்தனே அந்தத் தாய் ஊரைக் கூட்டிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான்.

எங்கள் நூலகத்தில் அந்தச் சிறுகதை இருந்த தொகுப்பு பைண்டு பிரிந்து, மறுபடி தைத்து, முதுகில் காக்கித் துணி ஒட்டியது. தாய் தண்ணீர் ஊற்றும் இடத்தில் யாரோ பென்சிலால் அழுத்திக் கோடு போட்டு, ஓரத்தில் 'தப்பு' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே நீல மையில், வேறு கையெழுத்தில் 'யாருடைய?' நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது குற்றம், அபராதம் போட வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் நான் ரப்பர் கொண்டு அழிக்கவில்லை.

அதே தொகுப்பைக் கல்லூரி நாளில் எடுத்துப்போன ஒரு பெண், கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருமுறை எடுத்தார். திருப்பித் தரும்போது சொன்னார்: "அப்போ அந்தப் பொண்ணை நெனச்சு ராத்திரி பூரா தூங்கல மேடம். இப்போ அந்த அம்மாவத்தான் நெனச்சேன். அவ்வளவு சீக்கிரம் அந்தப் பதில எப்படி யோசிச்சா?" அவருடைய மூத்த மகள் அந்த வருடம் பிளஸ் டூ.

மனநிலை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மே மாதம் எங்கள் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிக்கு அடிதடியே நடக்கும். அதில் இடம் கிடைத்தவருக்குப் புத்தகம் நன்றாக இருக்கும், மூலையில் கொசுக்கடியில் உட்கார்ந்தவருக்கு இருக்காது. பொடி எழுத்தில் அச்சடித்த மலிவுப் பதிப்பைப் படித்து நல்ல நாவலை வெறுத்த பெரியவர்களும் உண்டு.

ஆனால் பார்த்ததிலேயே என்னை வருத்தியது பயத்தோடு படிக்கிற படிப்பு. இன்று ஊருக்கு ஊர் நூலகம் நிறைந்திருப்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால்தான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. காலையில் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். அவர்களில் ஒரு பையனிடம், "தி. ஜானகிராமன் படிச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன். பட்டென்று பதில் வந்தது: "சக்தி வைத்தியம், சாகித்திய அகாதெமி, 1979 மேடம்." விடை சரி. அவன் ஜானகிராமனை ஒரு பக்கமும் படித்ததில்லை. குரூப் 4 எழுதி வேலை கிடைத்த பிறகு வந்து 'மோகமுள்' எடுத்துப் போனான். திரும்ப வந்தபோது, "அந்த பாபு ஏன் மேடம் இப்படிப் புலம்பறான்?" என்று அலுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷம். அலுப்பு அவனுடையது, எந்தக் கையேட்டிலும் அது கிடையாது.

பள்ளிகளில் நூலகப் பாடவேளையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அது முடிவதற்குள் 'கதைச் சுருக்கம் எழுது' என்று நோட்டையும் நீட்டும்போது இந்தப் பயத்தைத்தான் ஆறாம் வகுப்பிலேயே ஊட்டுகிறோம். கதை முடியும் முன்பே பிள்ளை சுருக்கத்தைத் தேட ஆரம்பித்துவிடும். ஆசிரியர்கள் இதை நிறுத்தினால் நல்லது.

வேளையைக் காரணம் காட்டி எல்லாப் புத்தகத்தையும் காப்பாற்றவும் முடியாது. சில புத்தகங்கள் எந்த வேளையிலும் அறுவைதான். மொத்தக் கொள்முதலில் கட்டுக்கட்டாக வந்து இறங்கி, பிரிக்காத பக்கங்களோடு அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் இடநெருக்கடி வந்து, யாரும் எடுக்காததைக் கழித்துவிடலாம் என்று பேச்சு எழும்போது இவற்றோடு சேர்ந்து நல்லவையும் போய்விடும். அதைத்தான் தடுக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இவை நிறைவேற வருடக்கணக்கில் ஆகும். கல்லூரிப் பெண் தாயாகித் திரும்பி வரும்வரை அந்தத் தொகுப்பு அலமாரியில் இருந்தாக வேண்டும். யாரும் எடுக்காத வருடங்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

தமிழ்நாட்டில் வீட்டுக்குச் சொத்துவரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். அந்த உரிமையோடு உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். எப்போதோ பாதியில் மூடிவைத்த ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கே இருக்கும் ஆலோசனைப் பதிவேட்டில் அதன் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.