லெஸ்லி பைன்பேர்க்கும் எமது முற்போக்காளரும்

திருநர் உரிமை என்னும் சொல்லைக் கேட்டவுடனே எம்மவரிற் சிலர் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். பழைமைவாதிகள் சுளிப்பதிற் புதுமை எதுவுமில்லை. வர்க்கப் போராட்டத்தையும் பொதுவுடைமையையும் நாள்தோறும் பேசுவோரிற் சிலர் அவர்களோடு சேர்ந்துகொள்வதே எமக்குக் கவலை தருகின்றது. இது பூர்சுவாக்களின் பொழுதுபோக்கு. மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு. உழைப்போரின் ஒற்றுமையைக் குலைப்பது. ஆதலின் புரட்சிக்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். இவையே இவர்களது வாதத்தின் சாரம். இதற்கு விடைகூறப் புதிய தத்துவம் எதனையும் நாம் தேடவேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் வாழ்வும் எழுத்துமே போதும். அவர் பெயர் லெஸ்லி பைன்பேர்க்.

பைன்பேர்க் 1949 இல், மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில், யூதத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தார். வளர்ந்தது நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில். உருக்காலைகளும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் மலிந்த நகர் அது. பதினான்கு வயதிலேயே பெருங்கடையொன்றின் விளம்பரப் பலகைப் பகுதியில் வேலைக்கமர்ந்தார். பின்னர் பாத்திரங் கழுவினார். சரக்குக் கப்பல்களைத் துப்புரவு செய்தார். குழாய் செய்யும் தொழிற்சாலையிலும் புத்தகங் கட்டும் பட்டறையிலும் உழைத்தார். பெண்ணாகப் பிறந்து ஆண்மைத் தோற்றத்துடன் வாழ்ந்த அவருக்குக் கிட்டியவை பெரும்பாலும் குறைந்த கூலிக்குரிய தற்காலிக வேலைகளே. பலஸ்தீன மக்களின் மண்ணுரிமைக்காக நடைபெற்ற ஆர்ப்பாட்டமொன்றின் வாயிலாக அவர் 'தொழிலாளர் உலகம்' என்னும் மார்க்சியக் கட்சியை வந்தடைந்தார். 1974 டிசம்பரில் பொஸ்ரன் நகரில் நிறவெறிக்கெதிராக நிகழ்ந்த பேரணியின் அமைப்பாளருள் ஒருவராயிருந்தார். கட்சிப் பத்திரிகையில் அரசியற் கைதிகளுக்குரிய பக்கத்தைப் பதினைந்தாண்டுகள் நடத்தினார். 2014 நவம்பரில் இறக்குந் தறுவாயிலும், தம்மைப் புரட்சிகரக் கம்யூனிஸ்டாகவே நினைவுகூருமாறு வேண்டினார். இத்தகைய ஒருவரின் குரலைப் பூர்சுவாக் குரல் என்று தள்ளுவோர், பூர்சுவா என்னும் சொல்லின் பொருளையே மறந்தவராவர்.

1993 இல் வெளிவந்த அவரது 'ஸ்ரோன் புச் புளூஸ்' நாவலை எம் தோழர்கள் கட்டாயம் படித்தல் வேண்டும். அதன் நாயகர் ஜெஸ் கோல்ட்பேர்க், பஃபலோத் தொழிற்சாலைகளில் உழைக்கும் ஒருவர். இரவில் மதுச்சாலைகளிற் புகுந்து அடித்து இழிவுபடுத்தும் பொலிசார் ஒருபுறம். பகலில் உழைப்பைப் பிழிந்தெடுக்கும் முதலாளிகள் மறுபுறம். இரண்டு ஒடுக்குமுறைகளும் ஒரே உடலில் வந்து இறங்குவதை அந்நாவல் காட்டுகின்றது. அதிலே டஃபி என்றொரு தொழிற்சங்கப் பிரதிநிதி வருகிறார், நல்லவர், போராளி. எனினும், ஆணாகக் கருதப்பட்டு ஜெஸ் வேலைசெய்யும் இடத்தில், அவர் வாய்தவறிப் பெண்பாலிற் சுட்டும் ஒரு சொல்லால் ஜெஸ் அவ்வேலையை விட்டகல நேர்கிறது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. அதே டஃபியுடன் ஜெஸ் பின்னர் மீண்டும் கைகோர்க்கிறார். தொழிற்சங்கத்தை விட்டு விலகியன்று, அதனைத் திருத்தி அதனுடன் நின்றே விடுதலை பெறமுடியும் என்பது நாவலாசிரியரின் நம்பிக்கை.

நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1992 இல், 'திருநர் விடுதலை: காலங்கனிந்த ஓர் இயக்கம்' என்னும் சிறு பிரசுரத்தை அவர் வெளியிட்டார். திருநர் என நாம் இன்று மொழிபெயர்த்து வழங்கும் ஆங்கிலச் சொல்லை அவர் உருவாக்கவில்லை. ஆயினும், பால் வரம்புகளை மீறியமைக்காகத் தனித்தனியே அடிவாங்கிய பலதிறத்தாரையும் ஒரே அணியிற் சேர்க்கும் அரசியற் சொல்லாக அதனை ஆக்கியோருள் அவர் முதன்மையானவர். எங்கெல்ஸ் 1884 இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதிய நூலின் வழிநின்று, இவ்வொடுக்குமுறையின் வேரை வர்க்க சமுதாயத்தின் தோற்றத்திலே அவர் தேடினார். 1996 இல் எழுதிய 'திருநர் போராளிகள்' நூலில், 1431 இல் எரிக்கப்பட்ட ஜோன் ஆர்க்கின் ஆணுடையையும், 1839 முதல் 1843 வரை பெண்ணுடை தரித்து வேல்ஸ் நாட்டின் சுங்கச் சாவடிகளைத் தகர்த்த உழவர்களையும் மக்கள் வரலாற்றின் பக்கங்களாக எடுத்துக் காட்டினார். பழங்காலக் கூட்டுவாழ்வுச் சமுதாயங்களைப் பற்றி அவர் கூறும் பொதுமைகள் சில விரிந்து சென்றுவிட்டன என்று கூறுவோருடன் நாம் வழக்காடப் போவதில்லை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் எழுப்பியவர் அவரே: ஆணையும் பெண்ணையும் இரு பெட்டிகளில் அடைப்பதால் இலாபமடைவோர் யார்?

"இது பசியோடும் நோயோடும் தொடர்பற்ற பிரச்சினை" என்பாருமுளர். 2001 இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சஞ்சிகையொன்றில் பைன்பேர்க் எழுதிய கட்டுரையை அவர்கள் அறியார். இதயத்தைத் தாக்கிய கொடிய தொற்றினால் அவரது உடல் வெப்பம் 104 பாகையைக் கடந்திருந்த வேளையில், மருத்துவமனையொன்றின் வைத்தியர் அவர் திருநர் எனக் கண்டவுடனே வீதிக்குத் துரத்தினார். வேலையும் மருந்தும் மறுக்கப்படும் மனிதனின் பிரச்சினை வயிற்றுப் பிரச்சினை இல்லையென்றால், வேறெதுதான் வயிற்றுப் பிரச்சினை?

இனி மறுதிறத்தாரைப் பார்ப்போம். பைன்பேர்க்கின் பெயரைப் போற்றிக்கொண்டே அவரது கொள்கையைப் புதைப்போர் இவர்கள். யூன் மாதம் வந்தால் வானவிற் கொடியைத் தம் வாயிலிற் கட்டும் வங்கிகளும் கம்பனிகளும், அம்மாதம் முடியுமுன்னரே தொழிற்சங்கத்தை நசுக்கத் தயங்குவதில்லை. இவர்களுக்கு வேண்டியது அடையாளம் மட்டுமே. பைன்பேர்க்கோ தம் நாவலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பை எவரும் விலையின்றிப் பெறச் செய்தார். எபிரேய மொழிப் பதிப்பில் தமக்குக் கிட்டிய வருவாயைப் பலஸ்தீனப் பெண்களின் அமைப்பொன்றுக்கு அளித்தார். வர்க்கத்தை நீக்கிவிட்டு அவரை வாசிப்போர் அவரைப் பாதியாகப் பிளக்கின்றனர். மனிதரை நீக்கிவிட்டு வர்க்கம் பேசும் எம் தோழர்கள் மற்றப் பாதியை எறிந்துவிடுகின்றனர். இரு சாராரும் சேர்ந்து செய்வது ஒரே காரியந்தான்.

புரட்சிக்குப் பின்னர் பார்க்கலாம் என்னும் வாதம் வரலாற்றின் முன் நிற்காது. ஓரினவிருப்பைக் குற்றமாக்கிய சார் ஆட்சியின் சட்டத்தைப் பொல்செவிக்குகள் களைந்தனர். 1922 இன் சோவியத் தண்டனைக் கோவையில் அக்குற்றம் இடம்பெறவில்லை. 1934 இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. புரட்சி நடந்தமை மட்டும் எதற்கும் உத்தரவாதமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடமுண்டோ? அவ்வளவு தூரம் போவானேன்? சாதிப் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையுடன் தானே தீரும் என்று யாழ்ப்பாணத்தில் அன்று கைகட்டியிருந்தோரும் உண்டு. ஆனால் 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகச் சென்றோர் காத்திருக்கவில்லை. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் மறுக்கப்பட்ட மனித கௌரவத்துக்காக அவர்கள் செங்கொடி பிடித்தனர். அதனால் ஒற்றுமை குலைந்ததா, வலுப்பெற்றதா? எமது இலக்கிய இயக்கத்தின் பெருமைகளுள் ஒன்று அந்தப் போராட்டத்துடன் நின்றமை. அப்பெருமையைப் பேசுவோர் இன்னொரு மனிதக் கூட்டம் வாசலில் நிறுத்தப்படும்போது வேறு நியாயம் பேசலாகாது.

மேல்நாட்டுச் சரக்கு என்னும் குற்றச்சாட்டு தமிழ் படித்தோர் வாயில் வருவதுதான் வேடிக்கை. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லையென்றும், அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்ளுமென்றும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி வகுத்தது. ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் நன்னூல் சேர்த்தது. அவர் அஃறிணை போலவும் ஆவர் என அதே நூற்பா கூறுவதையும் நாம் மறைக்கவில்லை. பழைய நூல்கள் விடுதலை நூல்களல்ல. ஆயினும், இம்மனிதர் எம்மிடையே இருந்தனர் என்பதற்கு எமது இலக்கணமே சாட்சி. இறக்குமதியானது எது? பிரித்தானிய ஆட்சி 1841 இல் இந்நாட்டில் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இறக்குமதி. திருநரைக் கைதுசெய்ய அது பயன்பட்டு வந்துள்ளது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை இறக்குமதி. விக்டோரியா மகாராணியின் ஒழுக்கத்தைத் தமிழர் பண்பாடென்று காப்பாற்ற முனைவோர் ஏகாதிபத்திய எதிர்ப்புப் பேசுவது எங்ஙனம்?

ஆசிரியராயுள்ள எமக்கு இது தூரத்து விவாதமன்று. நடையையும் குரலையும் காட்டிக் கேலி செய்யப்பட்டுப் பள்ளியை விட்டகலும் பிள்ளைக்கு அதன்பின் எந்த வேலையும் எளிதிற் கிட்டாது. அப்பிள்ளையைப் பட்டினிக்கு அனுப்பும் முதற் கதவு எமது வகுப்பறைக் கதவே. வகுப்பு சிரிக்கும்போது கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்கும் ஆசிரியர், மேடையில் எத்துணை முற்போக்குப் பேசினும் அச்சிரிப்பின் பங்காளியே. மாணவத் தோழர்களுக்கும் நாம் கூறுவது இதுதான்: உங்கள் சங்கத்தில், உங்கள் வாசிப்பு வட்டத்தில், அவர்களுக்கு இடமுண்டா? இல்லையெனில் அது யாருடைய சங்கம்?

தோழர் என்னும் சொல்லுக்குத் தமிழில் ஆண்பாலுமில்லை, பெண்பாலுமில்லை. பைன்பேர்க்கை நாம் அச்சொல்லால் அழைக்கத் தயாரா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி. அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த ஒருவரை அவ்வாறு அழைப்பது எளிது. எமது ஊர்ச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் நிற்பவரை அழைப்போமா? அழைத்து, அவர் வேலைக்கும் படிப்புக்கும் மருந்துக்கும் கேட்கும் உரிமையை எமது கோரிக்கைகளின் வரிசையிற் சேர்ப்போமா? சேர்க்கும் நாளிலேதான் எம்மை முற்போக்காளர் எனக் கூறிக்கொள்ளும் தகுதி எமக்கு உண்டாகும்.