மண்டபங்கள் நிமிர்ந்தன, அரங்கு எங்கே?

பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் ஓய்வு கொள்ளும் மாசி, பங்குனி தொடக்கம் வைகாசி, ஆனி வரையான காலப்பகுதி, இந்நாட்டின் தமிழ்பேசும் பிரதேசங்களில் கூத்துக்கும் பாட்டுக்கும் உரிய பருவமாகும். மட்டக்களப்பின் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் களரி ஏறுவதும், மலையகத் தோட்டங்களில் காமன்கூத்து ஆடப்படுவதும், வடக்கிலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகத்தை மேடையேற்றுவதும் பெரும்பாலும் இப்பருவத்திலேயே. மார்ச் 27 ஆம் திகதி உலக நாடக தினமாதலால் நகர மண்டபங்களில் நடைபெறும் நாடக விழாக்களும் கிராமிய இசை நிகழ்ச்சிகளும் இதே நாட்களை ஒட்டியே ஒழுங்கு செய்யப்படுகின்றன. அவற்றுக்கான அழைப்பிதழ்கள் எமது மேசைக்கும் வந்து சேர்வது வழக்கம்.

அவ்வழைப்பிதழ்களைச் சற்று ஊன்றி வாசிப்போருக்கு ஒன்று புலப்படும். முதற்பக்கத்தில் பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள், கௌரவ அதிதிகள் ஆகியோரின் பெயர்கள் பட்டம் பதவிகளுடன் நிறைந்திருக்கும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை என்று நிரல் நீளும். எல்லாவற்றுக்கும் கீழே, நன்றியுரைக்குச் சற்று மேலே, 'கூத்து' என்று ஒரு சொல் இருக்கும். எந்தக் கூத்து, எந்த ஊரவர் ஆடுவது, பழக்கிய அண்ணாவியார் யார் என்பவற்றைத் தேடினாலும் காணமுடியாது. 'அனுமதி இலவசம்' என்பது மட்டும் தவறாது அச்சிடப்பட்டிருக்கும்.

இத்தகைய விழாவொன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். ஊரையும் மண்டபத்தையும் இங்கு குறிப்பிடுவது அவசியமன்று. மாலை நான்கு மணிக்கென அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி அதிதியின் வருகைக்காக ஐந்தரை மணி வரை தாமதித்தது. உரைகள் முடிந்தபோது ஏழரை மணி. முழு ஒப்பனையுடன் மேடையின் பக்கத்தில் காத்திருந்த கூத்தர்களிடம் இருபது நிமிடத்துக்குள் முடிக்குமாறு கூறப்பட்டது. வரவு ஆட்டமும் ஒரு தருக்கமும் நிகழ்ந்தன. போர் தொடங்குமுன் திரை விழுந்துவிட்டது. மத்தளம் வாசித்த முதியவர் எவ்வித முகச்சுளிப்புமின்றி அதை உறையிலிட்டுக் கட்டினார். அவருக்கு இது புதிதல்ல என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

முஸ்லிம் மக்களின் பொல்லடிக்கு நேர்ந்துள்ள கதியும் இதனின்று வேறுபட்டதன்று. வட்டமாக நின்று, பாட்டின் கதிக்கேற்பக் கோல்களை மாறி மாறி அடித்து, குனிந்தும் நிமிர்ந்தும் சுழன்றும் ஆடும் அக்கலைக்கும் அண்ணாவியார் உண்டு, பயிற்சி உண்டு, தாளக்கட்டின் படிநிலைகள் உண்டு. கல்யாண ஊர்வலங்களிலும் சுன்னத்து வைபவங்களிலும் ஊரார் கூடி நின்று நெடுநேரம் பார்த்த ஆட்டம் அது. இன்றோ கிழக்கில் ஒரு கட்டடத் திறப்பு விழா என்றால், வீதியிலிருந்து வாயில் வரை அதிதியை அழைத்துவரும் பணியே பொல்லடிக் குழுவினருக்குத் தரப்படுகின்றது. அதிதி உள்ளே சென்றதும் அவர்கள் வெளியே நிற்கின்றனர். 'பொல்லடி முழங்க அதிதிகள் வரவேற்கப்பட்டனர்' என்று நாமும் செய்தி எழுதி வந்துள்ளோம். அந்த ஆட்டத்தை உள்ளே அழைத்து மேடையில் முழுமையாக ஆடச் செய்தால் என்ன என்று கேட்கத் தவறியதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

மண்டபங்கள் இல்லையென்று இனியும் குறைகூற முடியாது. யாழ்ப்பாணத்தில் இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த கலாசார மையத்துக்கு 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் அது இணையவழியே திறந்துவைக்கப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அறுநூறு பேர் அமரக்கூடிய நவீன அரங்கு அதிலுண்டு. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது, ஊர்ப்பெயர் விடுபட்டதென்று கண்டனங்கள் எழுந்தன. பின்னர் யாழ்ப்பாணம் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. பெயர் பற்றிய அக்கறை நியாயமானதே. ஆனால் அக்கண்டனங்களில் ஒரு பகுதியேனும், அவ்வரங்கில் ஆண்டுக்கு எத்தனை நாடகங்கள் நிகழவேண்டும், பாஷையூரிலிருந்தோ வட்டுக்கோட்டையிலிருந்தோ வரும் கூத்துக்குழு என்ன கட்டணம் செலுத்தவேண்டும் என்ற வினாக்களாக எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டடத்தைத் தருவது வெளிநாடாக இருக்கலாம். அதனுள்ளே என்ன நிகழும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு எம்முடையது.

மேடைக்கு வந்ததால் கூத்து கெட்டது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை நாம் முழுமையாக ஏற்கவில்லை. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு அமைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகியவை அவரது நெறியாள்கையில் மேடையேறின. பட்டிக்காட்டு ஆட்டமென்று முகஞ்சுளித்த படித்த வர்க்கத்தினரை இருக்கையில் அமர்த்திக் கூத்துப் பார்க்கவைத்தவை அவை. அதே பேராதனையில் விரிவுரையாளராயிருந்த எதிரிவீர சரத்சந்திர, கூத்து மரபோடு உறவுடைய சிங்கள நாடகம வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு 'மனமே'யை 1956 இல் படைத்திருந்தார். வட்டத்தைச் சதுரமாக்கியதால் கூத்து சிலவற்றை இழந்தது உண்மையே. நாற்புறமும் அமர்ந்திருந்த ஊர், இருளில் ஒரு பக்கம் அமர்ந்த சபையானது. ஆயினும் வித்தியானந்தனின் சுருக்கம் கலையறிந்து செய்த சுருக்கம். அதிதியின் வாகனம் தாமதித்ததால் செய்யப்படும் சுருக்கத்தை அதனுடன் ஒப்பிடுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

எமது கவலை வேறிடத்திலுள்ளது. 'மனமே' முதன்முதலாக மேடையேறிப் பல தசாப்தங்கள் கடந்த பின்னரும் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு வந்துள்ளது. பெற்றோர் பார்த்ததைப் பிள்ளைகளும் பார்த்தனர். தமிழில் அவ்வாறு நிகழவே இல்லையா எனின், நிகழ்ந்தது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து, 'மயான காண்டம்' இசை நாடகத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடினார். கோவில் திருவிழாக்களே அவருக்கு அரங்கைத் தந்தன. கதையும் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த சபையே மறுபடியும் வந்து விடியும்வரை அமர்ந்திருந்தது. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடாது கிராமங்களுக்கும் சென்றது. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் மறைந்தபோது அஞ்சலிகள் குவிந்தன. அவர் எழுதியவற்றுள் எத்தனை நாடகங்களை இன்றைய இளைஞர் ஒருவர் மேடையில் பார்க்க முடிகின்றது?

இப்போது ஒரு நாடகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதுதான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒப்பனைக்கும் ஒளிக்கும் ஒலிக்கும் கடன்பட்டு, ஒருமுறை மேடையேற்றி, மறுநாள் காட்சிப் பொருட்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். முதல் மேடையேற்றத்தில் தெரியவரும் குறைகளைத் திருத்த இரண்டாவது மேடை கிடைப்பதில்லை. கிராமத்துக் கூத்து மரபு இத்தவறைச் செய்யவில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஊர் முன்னிலையில் பழகி, அரங்கேற்றத்தின் பின்னரும் வீட்டுக்கு வீடு சென்று ஆடியவர்கள் எமது முன்னோர். ஊரே தொடர்ந்து பார்த்தது, ஊரே திருத்தியது, ஊரே செலவையும் ஏற்றது.

நகரத்தில் அந்த ஊரின் இடத்தை வகிக்கவேண்டியவை உள்ளூராட்சி மன்றங்களும் அவற்றின் பொது மண்டபங்களுமே. ஆனால் மண்டபம் பெரும்பாலும் வாடகைச் சொத்தாகவே கருதப்படுகின்றது. திருமணத்துக்கு வருவோரும் நாடகத்துக்கு வருவோரும் ஒரே கட்டணப் பட்டியலைப் பார்த்தால், முகூர்த்த நாளில் நாடகக்காரருக்கு மண்டபம் கிடைக்கப்போவதில்லை. இதற்கு மேலாக, 1946 ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம், நுழைவுச்சீட்டு விற்கும் நிகழ்ச்சிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியுள்ளது. களியாட்ட விழாவையும் கூத்தையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையா என்பதைச் சபைகளின் உறுப்பினர்கள் ஆராய வேண்டும். மாதத்தில் இரு வார இறுதிகளை நாடகத்துக்கும் கிராமிய இசைக்கும் என ஒதுக்கி, ஆறு மாதத்துக்கான நிகழ்ச்சி நிரலை முற்கூட்டியே அச்சிட்டு ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்நிரலில் காமன்கூத்தும், மட்டக்களப்பின் பறைமேளக் கூத்தும், பொல்லடியும், பக்கீர்மாரின் றபான் பாட்டும் இடம்பெற வேண்டும். பறை என்றதும் சாதியை நினைத்து ஒதுங்கும் குழு உறுப்பினர்கள் இன்னும் இருக்கின்றனர் என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

நிரல் தயாரிப்போர் நாட்காட்டியையும் சற்றுப் பார்க்க வேண்டும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலக நாடக தினம் நோன்பு மாதத்துக்குள்ளேயே வந்தது. மஃரிபுக்கும் தராவீஹுக்கும் இடைப்பட்ட வேளையில் நாடகத்தைத் தொடங்கிவிட்டு, முஸ்லிம்கள் எமது விழாக்களுக்கு வருவதில்லை என்று பின்னர் வருந்துவதில் பொருளில்லை. விழாவை இரு வாரம் தள்ளி வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. இசையும் நடிப்பும் தொடர்பில் முஸ்லிம் சமூகத்தினுள் கருத்து வேறுபாடுகள் உண்டென்பதை அறிவோம். அது அச்சமூகத்தினர் தமக்குள் பேசவேண்டிய விடயம். எனினும் வயல்வெளியில் பிறந்த கவிகள் கிழக்கின் இரு சமூகங்களுக்கும் பொதுவானவை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ நடக்கும் கிராமிய இசை மாலையொன்றில் இரு ஊரவரும் ஒரே மேடையில் கவி பாடினால், எது எவருடைய மெட்டு என்று பிரித்துக் கூறுவது கடினம்.

இலவச அனுமதி என்ற பழக்கத்தையும் கைவிட வேண்டும். நூறு ரூபாவாயினும் கொடுத்து வருபவர் கூத்துப் பார்க்க வருகின்றார். அவர் உரைகளைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். அவருடைய பொறுமையின்மை கூத்தருக்குப் பெருந்துணையாகும். வயோதிபருக்கும் மாணவருக்கும் சலுகை வழங்கலாம். அதிதிகளும் விரும்பினால் சீட்டு வாங்கி வரலாம்.

எமது பங்காக நாம் ஒன்றைச் செய்யலாம். எதிர்வரும் பருவத்துக்கான நிகழ்ச்சிகளின் விபரங்களை மன்றங்களும் குழுக்களும் முற்கூட்டியே அனுப்பிவைத்தால் அவற்றை நாள்தோறும் வெளியிடுவோம். கூத்தின் பெயர், ஆடும் ஊர், அண்ணாவியார், மத்தளகாரர், தொடங்கும் நேரம், அது எத்தனை மணித்தியாலம் நீடிக்கும் என்பவை முதலில் இடம்பெறும். பிரதம அதிதியின் பெயருக்கு இடம் மிஞ்சினால் அதையும் சேர்ப்போம்.